பகடையும் மூச்சுக்காற்றும்: 'எக்ஸ்பான்ஸ்' வாசகரின் காத்திருப்புப் பற்றி ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதை பற்றி எழுதுவோர் ஆசிரியரையும் ஆக்கத்தையும் அவற்றைத் தோற்றுவித்த சமுதாயச் சூழலையும் ஆராயும் அளவுக்கு வாசகரை ஆராய்வதில்லை. வாசகர் என்போர் நூலின் விற்பனைத் தொகைக்குள் அடங்கிவிடுபவர்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றனர். ஆயினும், ஒரு கதையைப் படித்து முடித்த பின்னரும் அக்கதை நிகழ்ந்த உலகத்தை விட்டு நீங்க மனமின்றி, அதற்குள் தாமும் ஒருவராய் நடமாட விரும்பும் வாசகர் குழாம் ஒன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்து வந்துள்ளது. இவர்களை வெறும் பொழுதுபோக்காளர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவர்கள் எதற்காகக் காத்திருக்கின்றனர், காத்திருக்கும்போது எவற்றைக் கேட்கின்றனர் என்பவற்றைச் சற்று நின்று நோக்கினால், அங்கே ஒருவகைத் திறனாய்வே நடைபெறுகின்றது என்பது புலனாகும். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரியின் 'எக்ஸ்பான்ஸ்' நாவல் வரிசையை அடிப்படையாகக் கொண்ட மேசையாட்டம் ஒன்று 2018 இல் முன்பணம் திரட்டப்பட்டு 2019 இல் நூலாக வெளிவந்தது. அவ்விடைக்காலம் இதற்குத் தக்க சான்றாகும்.

மேசையாட்டம் என்று ஈண்டுக் குறிக்கப்படுவது சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டன்று. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் நெறியாளர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தமதாக ஏற்பர். நெறியாளர் சூழ்நிலையைச் சொல்வார். அச்சூழ்நிலையில் தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை மற்றவர்கள் சொல்வர். செயல் கைகூடுமா என்பது ஐயத்துக்கிடமாகும்போது பகடை உருட்டப்படும். யார் எத்துணை வலியர், எந்த எண் விழுந்தால் என்ன நேரும் என்பவற்றை வரையறுப்பது விதிநூல். 1974 இல் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வடிவத்தின் முதல் நூலென்பர். 1977 இல் வந்த 'டிரவலர்' விண்வெளிப் பயணத்தை இவ்வடிவத்துக்குள் நிலைநிறுத்தியது. இவ்வாட்டத்தில் வென்றவர், தோற்றவர் என்பதில்லை. ஒரு மாலைப்பொழுது முடியும்போது மேசையில் எஞ்சுவது ஒரு கதை மட்டுமே. அக்கதை பெரும்பாலும் எழுதப்படுவதுமில்லை.

'எக்ஸ்பான்ஸ்' வரிசையின் முதல் நாவலான 'லெவியதன் வேக்ஸ்' 2011 இல் வெளிவந்தது. ஒன்பதாவதும் இறுதியானதுமான நாவல் 2021 இல் வெளிவந்தது. ஜேம்ஸ் கோரி என்பது டானியல் ஏபிரகாம், டை பிராங்க் என்னும் இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். கதைக்களம் சில நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட சூரிய மண்டலம். பூமி ஐக்கிய நாடுகளின் ஆட்சியில் இருக்கிறது. செவ்வாய் தனியரசாகிப் படைவலியாற் பூமிக்கு நிகராய் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் தாதுவும் பனிக்கட்டியும் ஈட்டிக் கொடுப்போர் குறுங்கோட் பட்டையிலும் அதற்கு அப்பாலும் வாழும் 'பெல்டர்' எனப்படும் உழைப்பாளர். அவர்கள் சுவாசிக்கும் காற்றும் குடிக்கும் நீரும் விலைக்கு வருபவை. சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் ஒரு பழைய கப்பல் அழிக்கப்படுவதிலிருந்தே கதை தொடங்குகின்றது. ஒளியை விஞ்சும் வேகம் இக்கதையில் மனிதருக்கு இல்லை. ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர மணிக்கணக்காகலாம். விண்வெளியைக் கனவுலகாக அன்றித் தொழிற்றலமாக நோக்குவதே இந்நாவல்களின் தனிச்சிறப்பு. 2020 இல் சிறந்த தொடருக்கான ஹியூகோ பரிசு இதற்குக் கிடைத்தபோது அப்பண்பே பலராலும் போற்றப்பட்டது.

இவ்விடத்து ஒரு செய்தியை அழுத்திக் கூறவேண்டும். இந்நாவல்களிலிருந்து ஆட்டம் பிறந்தது என்பது பாதி உண்மையே. ஆட்டத்திலிருந்தே நாவல்கள் பிறந்தன. பிராங்க் முதலில் இவ்வுலகை இணையவழிப் பெருந்திரள் விளையாட்டு ஒன்றுக்காகத் திட்டமிட்டார், அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் அதனையே, ஆடுவோர் தத்தம் பங்கை இணையத்தில் எழுதியெழுதி ஆடும் ஆட்டமாக நடத்தினார். நியூ மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த பின் நண்பர்களோடு மேசையிலும் நடத்தினார். அம்மேசையில் அமர்ந்தவர்களுள் ஒருவரான ஏபிரகாம், நெறியாளர் எழுதிக் குவித்திருந்த குறிப்புகளைக் கண்டு, நாவலுக்கான பெரும்பணி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று கருதினார். நாவல் எழுதும் எண்ணம் அவ்வாறே எழுந்தது.

இப்பிறப்பு வரலாறு நாவலின் உடம்பில் ஒரு தழும்பாகவே பதிந்துள்ளது. முதல் நாவலில் ஷெட் கார்வி என்றொரு மருத்துவ உதவியாளன் வருகிறான். கப்பல் அழிந்தபோது உயிர் தப்பிய சிலருள் அவனும் ஒருவன். கதை இனி இவர்களைப் பற்றியதே என்று வாசகர் நம்பத் தொடங்கும் வேளையில், 'டொனஜர்' என்னும் செவ்வாய்ப் போர்க்கப்பலின் அறையொன்றில் அவன் பேசிக்கொண்டிருக்கையிலேயே, சுவரைத் துளைத்து வந்த எறிகணை அவன் தலையைக் கொய்து செல்கின்றது. அச்சாவுக்கு முன்னறிவிப்புமில்லை, வீரமுமில்லை. இப்பிரபஞ்சம் யாரையும் பொருட்படுத்துவதில்லை என்பதை நாவல் முதன்முதலில் உணர்த்தும் இடம் இதுவே எனலாம். இதன் பின்னணியை ஆசிரியர்களே கூறியுள்ளனர்: பழைய ஆட்டத்தில் ஷெட்டை ஏற்றிருந்தவர் தொடர்ந்து ஆட இயலாது விலகினார், ஆகவே அப்பாத்திரம் கொல்லப்பட்டது. ஆடுவோர் ஒருவரின் வாழ்க்கை வசதி குறித்த சாதாரண நிகழ்ச்சி, நாவலில் ஊழின் குருட்டுத்தன்மையாக உருமாறி நிற்கின்றது. கலைப்படைப்பில் தற்செயல் என்பது எவ்வாறு கருத்தாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

ஆகவே 2018 இல் வாசகர்கள் எதிர்நோக்கியது ஒரு திரும்புதலை. மேசையிற் பிறந்து நூலாகித் தொலைக்காட்சிக்குப் போன கதை மேசைக்கு மீள்வதாக அவர்கள் கருதினர். அவ்வெதிர்பார்ப்பை அவ்வாண்டின் நிகழ்ச்சிகள் மேலும் கூர்மையாக்கின. 2015 முதல் 'சைஃபை' அலைவரிசை ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர் மூன்றாம் பருவத்தோடு நிறுத்தப்படும் என்று 2018 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவிற் பெயரிட்டனர். அமேசன் படப்பிடிப்பு நிலையத்தின் மேலாகப் பதாகை கட்டிய விமானம் ஒன்று பறக்கவிடப்பட்டது. அம்மாத இறுதியிலேயே அமேசன் அதிபர் ஜெவ் பேசோஸ், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் விண்வெளி வளர்ச்சி மாநாடொன்றில் வைத்து, தொடர் காப்பாற்றப்பட்டது என்று அறிவித்தார். காற்றையும் நீரையும் உடைமையாக்கிக்கொண்ட கம்பனிகளின் கொடுமையைக் கூறும் கதையை உலகின் முதன்மைச் செல்வர் ஒருவர் மீட்டுக் கொடுத்தார் என்பதில் உள்ள முரண் அன்றே சிலராற் சுட்டிக்காட்டப்பட்டது. மகிழ்ச்சி ஆரவாரத்தில் அது அதிகம் கேட்கவில்லை. நான்காம் பருவம் 2019 டிசம்பரிலேயே வந்தது. இடையிலிருந்த ஒன்றரை ஆண்டுக் காலத்திலேயே சியாட்டில் நகரைச் சேர்ந்த 'கிறீன் றோனின்' பதிப்பகத்தின் மேசையாட்டம் உருவாகியது.

இப்பதிப்பகம் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. நூலை அச்சிட்டு விற்காமல், 2018 இன் நடுப்பகுதியில் 'கிக்ஸ்டாட்டர்' வழியாக வாசகரிடம் முன்பணம் கோரப்பட்டது. கேட்ட தொகையைப் பன்மடங்கு விஞ்சிப் பணம் வந்து சேர்ந்தது. எதிர்பார்ப்பு என்பது முற்காலத்தில் வாசகரின் உள்ளத்துணர்ச்சி. இம்முறையில் அதுவே மூலதனமாகின்றது. இதனை முற்றாகக் கண்டிப்பதற்கில்லை. முன்னுதாரணம் ஒன்றைக் கருதினால் இது விளங்கும். பிராங்க் ஹேர்பேட்டின் 'டியூன்' நாவல்களை வைத்து லாஸ்ட் யூனிகோர்ன் கேம்ஸ் என்ற நிறுவனம் ஆயத்தஞ்செய்த விதிநூல், 2000 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கைமாறியதன் பின் சிறுதொகைப் பிரதிகளாக மட்டுமே வெளிவந்து நின்றுபோயிற்று. காத்திருந்தோர் எத்தனை பேர் என்பதை எண்ணிக்காட்ட அன்று வழியில்லை. டியூன் வாசகர் மற்றொரு நூலுக்காக 2021 வரை இருக்க நேர்ந்தது. 'எக்ஸ்பான்ஸ்' வாசகர் இவ்வகையில் நற்பேறுடையோர். எனினும் முன்பணம் கொடுத்தவர் கேள்வி கேட்பவராக மட்டும் இருக்க முடிவதில்லை. நூல் நன்றாக வரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பங்கு உண்டாகிவிடுகின்றது. காத்திருப்புக் காலத்தில் எழுந்த வினாக்கள் கூர்மையாக இருந்த அளவுக்கு, நூல் வந்தபின் எழுந்த மதிப்பீடுகள் கூர்மையாக இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவ்வினாக்கள் யாவை? நாவலின் உலகமா, தொலைக்காட்சியின் உலகமா என்பது முதல் வினா. பதிப்பகம் பெற்றிருந்த உரிமை நாவல்களுக்கு உரியது. தொலைக்காட்சி வழியாக வந்து சேர்ந்தோருக்கு இது சிறிது ஏமாற்றமே. அவர்கள் பெரிதும் விரும்பிய டிரம்மர் என்னும் பெண் தொலைக்காட்சியில் நாவற் பாத்திரங்கள் சிலவற்றின் கூட்டாக உருவாக்கப்பட்டவள். நாவல் வரிசையின் முற்பகுதியில் அவளது இடம் சிறிது. பெல்டர் மொழியும் அவ்வாறே. நாவல்களிற் பல மொழிச் சொற்களை ஆசிரியர்கள் தம் காதுக்கேற்பத் தூவியிருந்தனர். தொலைக்காட்சிக்காக நிக் பாமர் என்னும் மொழியியலாளர் அதற்கு இலக்கணம் வகுத்தார், ஆர்வலர் அதனைப் பயின்றனர். ஆனால் உடம்பு பற்றிய செய்தியில் நாவலே உண்மைக்கு அண்மையானது. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த பெல்டர் நெடிதுயர்ந்து மெலிந்தவர். விண்ணுடைக்குள் முகம் தெரியாதாகையால் கைகளாற் பெரிதாகச் சைகை செய்து பேசப் பழகியவர். உழைக்கும் இடமே உடலை வனைந்து, அவ்வுடலே அவரைப் பூமியில் கால்வைக்க முடியாதவராக்குகின்றது. நடிகரை வைத்துப் படமெடுக்கும் தொலைக்காட்சியால் இதனைச் சில காட்சிகளுக்கு மேற் காட்ட இயலவில்லை. மேசையில் அவ்விடர்ப்பாடு இல்லை. சொல்லால் ஆன உடம்புக்கு எவ்வுயரமும் தரலாம்.

இரண்டாவது வினாவே ஆழமானது. ஆடுவோர் யாராக ஆடுவது? நாயகனான ஹோல்டனாக ஆடுவதைக் காத்திருந்தோருட் பலர் விரும்பவில்லை. அவன் கதை எழுதப்பட்டுவிட்டது. அதனை மீள ஆடுதல் படித்த பாடத்தை ஒப்புவித்தலாகும். பேரரசுகளை நகர்த்தி ஆடும் பலகை விளையாட்டு ஒன்று 2017 இலேயே வெளிவந்திருந்தும் மேசையாட்டத்துக்கான ஏக்கம் தணியாமைக்குக் காரணமும் இதுவே. அவர்கள் வேண்டியது நாவல் பெயர் சொல்லாமற் கடந்து செல்லும் மனிதரின் இடத்தை: சீரிஸ் நிலையத்தின் அறுபது இலட்சம் பேருள் ஒருவராக, நீர்ப் பங்கீடு குறைக்கப்படும்போது வரிசையில் நிற்பவராக, காற்று வடிகட்டிக்குப் பணம் சேர்க்கும் மாலுமியாக இருக்கும் இடத்தை. நாவலில் இவர்கள் பின்னணி. அப்பின்னணி முன்னுக்கு வருமா என்று வாசகர் கேட்டபோது, நாவலின் மீதே ஒரு குறையைச் சொன்னார்கள். உழைப்பாளர் உலகத்தை விரித்துக் காட்டிய நாவல், அவ்வுலகத்தின் விதியைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பூமியில் பிறந்த ஹோல்டனிடம் ஒப்படைத்தது அன்றோ! விமர்சகர் கட்டுரையாக எழுதவேண்டியதை வாசகர் விருப்பமாக வெளியிட்டனர்.

ஸ்டீவ் கென்சன் ஆக்கிய விதிநூல் இவ்விருப்பத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பது அடுத்து நோக்கற்பாலது. கதையின் காலம் முதல் நாவலின் முடிவையடுத்த நாட்கள். ஈரோஸ் நிலையத்தின் பதினைந்து இலட்சம் பேர் ஒரு கம்பனியின் பரிசோதனைக்குப் பலியான அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. இனி என்ன நேரும் என்பது பாத்திரங்களுக்குத் தெரியாது; மேசையைச் சுற்றி இருப்பவர்க்கோ அடுத்து வந்த நாவல்களும் தெரிந்திருக்கக் கூடும். இது நல்ல தெரிவே. துயரத்தின் பின்னும் வேலைக்குப் போகவேண்டியிருக்கும் மனிதருக்கு இக்காலம் இடமளிக்கின்றது.

பாத்திரத்தைப் படைக்கும் முறையும் பாராட்டத்தக்கது. பூமி, செவ்வாய், பட்டை என்னும் மூன்றனுள் எது பிறப்பிடம் என்பது முதலிற் குறிக்கப்படும். அது எந்த ஈர்ப்புக்குப் பழகிய உடம்பு என்பதையும் தீர்மானிக்கும். அடுத்து வர்க்கம். புறத்தே தள்ளப்பட்டோர், கீழோர், நடுத்தரத்தார், மேலோர் என நான்கு நிலைகள் உள. ஒருவர் தாமே தெரிந்துகொள்ளலாம், பகடையையும் உருட்டலாம். வர்க்கத்தைப் பகடையால் தீர்மானிப்பதில் எந்தச் சமுதாயவியல் நூலும் மறுக்க முடியாத ஓர் உண்மை உண்டு: யாரும் தம் பிறப்பைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. ஆயின் அடுத்த கணமே விதிநூல் அவ்வுண்மையை மழுங்கச் செய்துவிடுகின்றது. எந்த வர்க்கத்திற் பிறந்தாலும் அதற்குரிய திறனொன்று பாத்திரத்தின் கணக்கிற் கூட்டப்படும். வறியவர் ஒரு வகைத் திறனையும் செல்வர் மற்றொரு வகைத் திறனையும் பெற்று, ஈற்றில் ஏறத்தாழச் சமமாக நிற்பர். ஆட்டத்தில் நீதி வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஒருவர் மட்டும் இழப்போடு மேசையில் அமர்வதை யாரும் விரும்பார். எனினும், வறுமை ஒரு பயிற்சி என்ற கருத்து இதனூடாகப் புகுந்துவிடுகின்றது. இழப்பு மட்டுமே தந்த வறுமையை, மூளை வளருமுன்பே காற்றுக் குறைந்து நலிந்த குழந்தைகளை, நாவல் மறைக்கவில்லை. விதிநூலின் கணக்கில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

பகடை முறை எளியது. மூன்று ஆறுமுகப் பகடைகள் உருட்டப்படும். அவற்றுள் நிறம் வேறான ஒன்று 'நாடகப் பகடை' எனப்படும். எவையேனும் இரண்டில் ஒரே எண் விழுந்து செயலும் கைகூடினால், நாடகப் பகடையின் எண் அளவுக்குச் சாகசப் புள்ளிகள் கிடைக்கும். மூன்று பகடைகள் விழக்கூடிய 216 வகைகளுள் 96 இல் இரட்டை எண் அமையும். அஃதாவது ஒன்பது முறை உருட்டினால் நான்கு முறை என்ற வீதத்திற் சாகசத்துக்கு வாய்ப்பு வந்துகொண்டேயிருக்கும். முதலில் வாள்வீரரும் மந்திரவாதிகளும் நிறைந்த 'டிராகன் ஏஜ்' ஆட்டத்துக்காக அமைக்கப்பட்ட இயந்திரம் இது. வால்வுகளைத் திருகிக் கசிவுகளை அடைத்து உயிர் பிழைக்கும் உலகத்துக்கு இது சற்று அலங்காரமான உடையே.

ஆனால் விவாதத்துக்குரிய இடம் இதுவன்று. இப்பகடை முறையை வேறு ஆட்டங்களிற் கையாண்டபோது பாத்திரத்தின் உடல்நலம் புள்ளிகளால் அளக்கப்பட்டது. 'எக்ஸ்பான்ஸ்' நூலில் அதனிடத்தில் 'நல்லூழ்' என்று தமிழாக்கத்தக்க ஒன்று வைக்கப்பட்டுள்ளது. குண்டு பாய வரும்போது பாத்திரம் தன் நல்லூழ்ப் புள்ளிகளைச் செலவிட்டு அதிலிருந்து தப்பலாம்; பகடையில் விழுந்த எண்ணை மாற்றவும் அதே புள்ளிகள் உதவும். நல்லூழ் தீர்ந்த பின்னரே, அல்லது செலவிட மனமில்லாதபோதே, காயம் உடலைச் சேரும். ஒருவகையில் இது கூர்மையான வாசிப்பு. துப்பாக்கிக் குண்டுகளை உடம்பில் ஏற்று நிற்கும் வீரர் இவ்வுலகத்தில் இல்லை, பட்டாற் சாவுதான், ஆகவே உயிரோடிருப்பவர் படாமல் தப்பியவராகவே இருக்க முடியும் என்ற தருக்கம் அதில் உள்ளது. நாயகர்கள் ஒன்பது நாவல்களினூடே உயிர் தப்பி வருவதன் இரகசியத்தை விதிநூல் ஒளிவுமறைவின்றி வெளியிட்டுவிட்டது என்றுங் கூறலாம்.

அவ்வாறாயின் ஷெட் கார்வியின் சாவுக்கு இவ்வாட்டத்தில் இடமெங்கே? பேசிக்கொண்டிருக்கும் மனிதனின் தலையைக் கொண்டுபோகும் எறிகணையை இவ்விதிகள் அறிந்தவையல்ல. நல்லூழ் உள்ளவரை அது மயிரிழையில் விலகிப்போகும். பழைய 'டிரவலர்' ஆட்டத்திற் பாத்திரத்தின் முன்வரலாற்றைப் பகடையால் வகுத்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன், அப்பாத்திரம் படைச்சேவையில் இறந்துபோதலும் உண்டு. ஆடுவோர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவர். கொடிய விதியென்று பலர் நகைத்த அவ்விதி, உழைப்பாளர் விண்வெளி பற்றிய நாவலின் உள்ளுணர்வுக்கு 2019 ஆம் ஆண்டு நூலினும் நெருங்கியது. நாவலில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று, யாரையும் விட்டுவைக்காத வெறுமையின் குரல். மற்றொன்று, நால்வர் ஒரு கப்பலேறி உலகைத் திருத்தும் வீரக்கதையின் குரல். விதிநூல் இரண்டாவது குரலைத் தேர்ந்துகொண்டது.

பழி முழுவதும் ஆக்கியோரைச் சாராது. காத்திருந்தோரின் வேண்டுகோளிலேயே இம்முரண் இருந்தது. சாவு குருடாக இருக்கும் உலகம் வேண்டும், ஆனால் தம் பாத்திரம் சாகாதிருக்க வேண்டும் என்ற இரண்டையும் அவர்கள் ஒருங்கே கேட்டனர். ஓராண்டுக் காலம் வாரந்தோறும் கூடி வளர்த்த பாத்திரம் ஒரு பகடை வீச்சில் மறைந்தால், அதற்குரியவர் அடுத்த வாரம் வருவாரா என்ற நடைமுறைக் கவலை நெறியாளருக்கு உண்டு. நண்பர் கூட்டத்தைக் கலைக்காதிருப்பதும் இவ்வடிவத்தின் கடமைகளுள் ஒன்றே. நாவலாசிரியருக்கு இக்கவலை இல்லை. வாசகர் சினந்து நூலை மூடினாலும் மறுநாள் திறப்பார். ஆகவே ஒரே உலகம் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போது, சாவின் விலை மாறிவிடுகின்றது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது 'கொந்தளிப்பு' என்னும் விதி. ஆடுவோர் நல்லூழைச் செலவிடுதல் முதலிய சில சந்தர்ப்பங்களில் நெறியாளர் ஒரு கணக்கை ஏற்றிக்கொண்டே வருவார். அது குறித்த எல்லைகளைத் தொடும்போது, அதுவரை கைகூடி வந்த நிலைமை தலைகீழாகலாம்: உதவிக்கு வரவிருந்த கப்பல் வராது போகும், நண்பரென்றிருந்தவர் விலைபோவார். இன்று தப்பியதற்கு நாளை யாரோ விலை கொடுக்க வேண்டும் என்ற இவ்வேற்பாடு நூலின் மிகச் சிறந்த பகுதி. மேசையில் அக்கணக்கு ஏறுவதை எல்லோரும் காண்பர். புள்ளியைச் செலவிடும் கை சற்றே தயங்கும். 2014 இல் வெளிவந்த கோரியின் குறுநாவல் ஒன்றுக்கும் இச்சொல்லே தலைப்பு. அங்கே அது பால்ட்டிமோர் நகரின் சேரிகளில் வாழ்வோரின் சொல். மேலிருப்போர் விதிகளை மாற்றும்போது, கீழிருப்போர் அதற்குக் காரணம் தேடுவதில்லை. கொந்தளிப்பு வந்துவிட்டது என்று கூறி உயிர் தப்ப முயல்வர். வறியவரின் அனுபவ அறிவாக இருந்த சொல், விதிநூலில் நெறியாளரின் கருவியாக இடம்பெயர்ந்துள்ளது. ஆயினும் சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஆக்கியோர் மறக்கவில்லை. கதையின் கருவை இத்துணை நுட்பமாக எண்ணாக்கிய விதிகள் இத்துறையிற் சிலவே.

நூலின் உள்ளே கோரி எழுதிய சிறுகதை ஒன்றும் இடம்பெற்றது. அதற்காகவே நூலை வாங்கி, பகடையைத் தொடாமலே அடுக்கில் வைத்தோரும் உளர். இதில் எள்ளுவதற்கு ஒன்றுமில்லை. விதிநூல்கள் ஆடப்படுவதிலும் அதிகமாக வாசிக்கப்படுவன என்பது இத்துறையினர் யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கப்பலின் அமைப்பையும் நிலையத்தின் காற்றுக் கணக்கையும் படித்துக்கொண்டே, என்றும் நடவாத ஓர் ஆட்டத்தை உள்ளத்தில் நடத்துவதும் ஒருவகை வாசிப்பே. பின்னாளில் நாவல் வரிசையின் பிற்பகுதியைச் சார்ந்து, போக்குவரத்து ஒன்றியத்தின் காலத்தைக் களமாகக் கொண்ட புதிய பதிப்பும் வந்தது. காத்திருப்பு மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது.

அச்சிட்ட விதியே இறுதி விதியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இவ்வடிவத்தில் இல்லை. நல்லூழ்ப் புள்ளிகளைப் பாதியாக்கவோ முற்றாக நீக்கவோ மேசையில் இருப்போர் உடன்பட்டால் அதனைத் தடுப்பார் எவருமில்லை. சனியின் வளையங்களிலிருந்து சீரிஸ் வரை பனிக்கட்டி ஏற்றிச் செல்லும் கப்பலொன்றில், வடிகட்டிகள் பழுதடைந்துகொண்டு வரும் நிலையில், நால்வர் அவ்வாறு ஆடத் தொடங்கலாம். அவர்களுள் ஒருவருக்கு இடையில் வேறு ஊரில் வேலை கிடைக்கலாம். நியூ மெக்சிகோவின் நெறியாளர் முன்னொருகால் எதிர்கொண்ட அதே நிலை அன்று அவர்கள் முன் நிற்கும்: நாற்காலி ஒன்று வெறுமையாக இருக்கிறது, அதற்குரிய மாலுமி இன்னும் கப்பலில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறான்.